மௌன நடைக்கு வழிகாட்டி

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

செடி நர்சரி வாசலில் புதிதாக மாட்டிய பலகையில் ஓர் ஈ ஒட்டிக்கொண்டிருந்தது. முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். பெயிண்ட் இன்னும் காயவில்லை. ஈயை விடுவிக்கக் குச்சி தேடிக்கொண்டிருந்தபோதுதான் எழுத்தைப் படித்தேன். 'ஞாயிறு காலை நடை. வயல் வழியாக ஏரி வரை. வழிகாட்டி உடன் வருவார்.'

வழிகாட்டி யார் என்று நான் யாரையும் கேட்கவில்லை. நான் யாரையும் எதையும் கேட்பதில்லை என்பது உனக்குத் தெரியும். மதியம் முதலாளியம்மாவே சொன்னார். தினமும் அந்த வழியாகத்தான் நான் வேலைக்கு நடந்து வருகிறேன், ஆகவே நான்தான் வழிகாட்டியாம்.

"எனக்குப் பேச வராதுங்க" என்றேன்.

"வராதுன்னு இப்பச் சொன்னியே, அதே மாதிரி மத்ததையும் சொல்லு" என்றார்.

விஷயம் விளையாட்டு இல்லை அக்கா. இப்போது எல்லாரும் செடியைக்கூடப் போனில் பார்த்து வீட்டுக்கே வரவழைத்துவிடுகிறார்கள். நடக்க வருகிறவர்கள் திரும்பும்போது ஆளுக்கொரு தொட்டி வாங்குவார்கள் என்பது முதலாளியம்மாவின் கணக்கு. செடிக்கும் நடைக்கும் சேர்த்து ஓர் ஆள்தான். மழை தொடங்கும்வரை என்னை வைத்துப் பார்ப்பார். சரிவரவில்லை என்றால் வாய் உள்ள ஒருத்தியைக் கொண்டுவருவார், நான் போக வேண்டியதுதான். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு, எழுந்து நின்று பதில் சொல் என்று யாரும் சொல்லாத ஒரே இடம் இந்த நர்சரிதான். இதை விட எனக்கு மனசில்லை.

அம்மா நலம். பேக்கரியில் இப்போது காலை வேலை. தக்காளி நாற்றுகளும் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் தங்கை


பிப்ரவரி 17

என் பூனைக்கு,

நலம், நலமறிய ஆவல். சத்தமில்லாமல் நடக்கிறவளுக்குப் பொருத்தமான வேலைதான் கொடுத்திருக்கிறார்கள். நாள் முழுவதும் போனில் புகார் கேட்டு, சமாதானம் சொல்லிவிட்டு வருகிறேன். சாயங்காலம் ஒரு வார்த்தையைப் பார்த்தாலே அலுப்பாக இருக்கிறது. அதனால் சுருக்கமாக.

முதல் வார்த்தையை மட்டும் சத்தமாகச் சொல். மீதி அதன் பின்னால் வந்துவிடும். சிரித்துக்கொண்டே பேசு, போனில்கூடச் சிரிப்பு கேட்கும். பதில் தெரியாவிட்டால் 'நல்ல கேள்வி' என்று சொல். அவர் மகிழ்ச்சியில் கேள்வியை மறந்துவிடுவார். எங்கள் அலுவலகமே இதில்தான் ஓடுகிறது.

ஞாயிறு அம்மாவிடம் பேசுகிறேன். நீயும் பக்கத்தில் இருந்து 'ம்' கொட்டு. அது உன் கொட்டாவியா பதிலா என்று நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. நிழலுக்குக் கட்டிய பச்சை வலைக்குக் கீழேயே மதியத்தில் நாற்றுகள் தலை தொங்குகின்றன.

முதல் நடை முடிந்தது. 'வணக்கம்' என்ற முதல் வார்த்தையை ஒரு வாரம் மிளகாய் நாற்றுகளிடம் சொல்லிப் பார்த்தேன். அவை ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிறு காலை வாசலில் கூட்டம் நின்றது. எல்லார் காலிலும் புதுச் செருப்பு, புது ஷூ. ஒருவர் கையில் கட்டிய கருவியைப் பார்த்துப் பார்த்து எத்தனை அடி நடந்தோம் என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார். நடையே இன்னும் தொடங்கவில்லை. அவருக்கு மனசுக்குள் அடியளப்பார் என்று பெயர் வைத்துவிட்டேன்.

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துப் பின்னால் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். என் வணக்கம் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லத் தைரியம் இல்லை. திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டேன்.

அவ்வளவுதான் அக்கா. ஏரிவரை ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தினமும் நிற்கிற இடங்களில் கால் தானாக நின்றது. பம்பு அறைச் சுவரில் பாசி படர்ந்த இடம். வாய்க்கால் மேல் போட்ட பலகை. காற்று வந்தால் மழை மாதிரிச் சத்தம் போடுகிற தைல மரங்கள். நான் நின்றால் பின்னால் காலடிகளும் நின்றன. நான் சுவரைப் பார்த்தால் எல்லாரும் என் பக்கத்தில் வந்து நின்று சுவரைப் பார்த்தார்கள். ஏரிக்கரையில் நான் உட்கார்ந்தேன், அவர்களும் உட்கார்ந்தார்கள். இப்போதாவது ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்து, எழுந்து திரும்பி நடந்தேன்.

நர்சரிக்கு வந்ததும் வலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். அப்போது ஒரு கணவனும் மனைவியும் முதலாளியம்மாவிடம் பேசுவது கேட்டது. "பேசாம கூட்டிட்டுப் போனாங்க பாருங்க, அதுதாங்க அருமை. எங்க போனாலும் ஒருத்தர் மைக்கப் புடிச்சுக்கிட்டு விளக்கம் சொல்லியே கொல்றாங்க."

முதலாளியம்மா வலைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "அது எங்க ஏற்பாடுதாங்க" என்றார்.

அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

உன் தங்கை


மார்ச் 19

என் பூனைக்கு,

நலம். உன் கடிதத்தை அலுவலகச் சாப்பாட்டு அறையில் படித்து, சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் தொண்டைக்கு மிட்டாய் கொடுத்தாள். இப்போதெல்லாம் என் பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, அந்த மிட்டாய் இருக்கிறது.

வெயில் ஏறுகிறது என்று எழுதியிருந்தாய். எங்கள் அலுவலகத்தில் வானிலை ஏசி ரிமோட்டில் இருக்கிறது. யார் கையில் ரிமோட்டோ அவர்தான் அன்றைக்குப் பருவம். நேற்று குளிர்காலம்.

ஊமையாகவே ஒரு வேலையைக் காப்பாற்றிய ஆள் நம் குடும்பத்தில் நீ ஒருத்திதான். ஆனால் எத்தனை நாள் இப்படி ஓட்டுவாய்? யோசித்துக்கொள். அம்மாவுக்கு என் அன்பு.

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். நீ சுகமா?

வாசலில் பலகை மாறிவிட்டது. 'மௌன நடை. பேசக்கூடாது. போனை அணைத்து வைக்கவும்.' கூட்டம் இரண்டு மடங்கு. பேசாமல் இருப்பதற்கு இத்தனை பேர் இவ்வளவு தூரம் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கோ அது வீட்டிலேயே கிடைத்துக்கொண்டிருந்தது. முதலாளியம்மா இப்போது என்னை ஆளில்லாதபோதுகூட மெதுவாகத்தான் கூப்பிடுகிறார்.

எனக்குப் பெருமைதான். ஆனால் போன ஞாயிறு ஒரு பெண் வரப்போரம் ஒரு நீலப் பூவைக் காட்டி, என்ன பூ என்று புருவத்தால் கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். அது காலையில் மட்டும் திறந்திருக்கும், வெயில் வந்தால் மூடிக்கொள்ளும் என்பதும் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், இருவரும் நடந்தோம். அந்தப் பதில் அன்று முழுவதும் தொண்டையில் நின்றது. எனக்கு இப்படி ஆனதில்லை.

சாம்பல் நிறச் சால்வை போட்ட ஓர் அம்மா ஒரு ஞாயிறும் விடாமல் வருகிறார். செடி வாங்கும்போதும் அவர் பேசுவதில்லை. ஒரு சின்ன சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். "நடை முடிஞ்சிருச்சுங்க, இனிமே பேசலாம்" என்று முதலாளியம்மா சொன்னதற்கும் சிரிப்புதான் பதில்.

உன் போன் சில ஞாயிறுகளாக வரவில்லை. டவர் இல்லை என்று நீ அனுப்பிய செய்தியை அம்மா பேக்கரி முழுக்கக் காட்டிவிட்டாள். "நம்ம ஊர்ல கிணத்தடில நின்னாக்கூட டவர் எடுக்குது, அவ்வளவு பெரிய ஊர்ல இல்லையாம்" என்கிறாள்.

உன் தங்கை


மே 2

என் அன்புப் பூனைக்கு,

நலமாக இருக்கிறேன். அம்மாவிடம் டவரை விட்டுவிடச் சொல்.

என்னை எழுத்துப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். புகார் சொல்கிறவர்கள் திரையில் எழுதுவார்கள், நானும் திரையில் பதில் எழுதுவேன். பதவி உயர்வும் இல்லை, தண்டனையும் இல்லை. கோபத்தில் இருக்கிறவர்கள் எவ்வளவு எழுத்துப்பிழை விடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நேரம் போகிறது.

உன் நடையைப் படித்துப் படித்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. இப்போது ஒரு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, மீதியை நடக்கிறேன். கார் நிறுத்துமிடத்துக்கும் ஒரு பெரிய மதிலுக்கும் நடுவில் தோட்டம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். புல்லை நாற்காலித் துணி மாதிரி வெட்டியிருக்கிறார்கள். நேற்று நல்ல மழை. மழைக்கு நடுவே தண்ணீர் தெளிக்கிற குழாயும் தன் நேரம் வந்ததும் சுற்றிச் சுற்றித் தெளித்தது. காவலாளி குடை பிடித்துக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தார், நானும் நின்று பார்த்தேன். இருவருக்கும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அந்தத் தோட்டத்தில் யாரும் நடாத ஒரு செடி மதில் விரிசலில் முளைத்திருக்கிறது. என்ன செடி என்று தெரியவில்லை. இலையை வரைந்திருக்கிறேன், சிரிக்காமல் பார்த்துச் சொல்.

என்னோடு அறையில் இருப்பவள் புது விளக்கு மாட்டியிருக்கிறாள். 'விளக்கு எரியட்டும்' என்று வாயால் சொன்னால் எரியும். நான் எழுந்து போய் சுவிட்சைத்தான் தட்டுகிறேன். உடம்புக்கு நல்லது. கடையில் விரலால் காட்டினால் போதும், வேண்டியதை எடுத்துத் தருகிறார்கள். பாதிப் பேர் காதில் எதையாவது மாட்டிக்கொண்டிருப்பதால் பேசாதவளை யாரும் கவனிப்பதே இல்லை.

ஒன்று சொல்லட்டுமா? சும்மா இருந்தால் எவ்வளவு கேட்கிறது. எங்கள் மாடியில் தண்ணீர்க் குழாய் ராத்திரி ஏப்பம் விடுகிறது. எதிர்வீட்டுக் கைக்குழந்தை அழுவதற்கு முன்னால் ஒரு நொடி யோசிக்கிறது. இத்தனை வருஷம் இதெல்லாம் எங்கே இருந்தது?

நீ மட்டும் அந்தப் பதிலைத் தொண்டையில் வைத்துக்கொள்ளாதே. சொல்ல வருகிறபோது சொல்லிவிடு. இதைத் தயவுசெய்து கேள்.

அம்மாவுக்கு முத்தம். நாற்றுகளுக்கும்.

அக்கா


மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு பக்கக் கடிதத்துக்கு நன்றி. அம்மா இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். இலையைப் பார்த்தேன், அது காட்டுத் துளசி வகை. கசக்கி முகர்ந்து பார்த்தால் உறுதியாகத் தெரியும். உன் படத்தில் அது தவளை மாதிரி இருக்கிறது.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

தைல மரங்களைத் தாண்டியதும் ஒரு வேப்பங்கிளை தாழ்வாக வளர்ந்திருக்கும். அதில் தேனீக்கள் கொத்தாகத் தொங்கின, ஒரு பெரிய பழம் மாதிரி. கூடு இல்லை. பழைய கூட்டை விட்டுப் புது இடம் தேடிப் போகிற வழியில் இளைப்பாறுகிற கூட்டம். சும்மா விட்டால் அவை நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நான் பார்த்து நின்றேன், பின்னால் எல்லாரும் நின்றார்கள். அடியளப்பார் மட்டும் நிற்கவில்லை. அணைத்து வைக்க வேண்டிய போனைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கக் கிளைக்கு அடியில் போனார். கண் முழுவதும் திரையில்.

அவர் போவதை எல்லாரும் பார்த்தார்கள் அக்கா. ஒருவரும் கூப்பிடவில்லை. மௌன நடை அல்லவா. இரண்டு தோழிகள் கையை வீசினார்கள். ஒருவர் தன் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். சால்வை அம்மா தரையில் காலால் தட்டினார். அடியளப்பார் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் ஓர் அடி வைத்தார். போன் கொத்தைத் தொட ஒரு சாண் இருந்தது.

"ஐயா, கையைக் கீழ எறக்குங்க. திரும்பாதீங்க. மெதுவா அப்படியே பின்னாடி வாங்க."

சொன்னது நான்தான். கத்தவில்லை. அம்மாவிடம் சாப்பாடு போடச் சொல்கிற குரல்தான். நடுங்கவில்லை. அவர் கையை இறக்கினார், பின்னாலேயே நடந்து எங்களிடம் வந்து சேர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. என் காதருகே வந்து, "இப்பப் பேசலாமாங்க?" என்று கேட்டார்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதற்கு மேல் யார் பேசாமல் இருப்பார்கள்? தேனீ ஏன் இப்படித் தொங்குகிறது, எங்கே போகும், ராணி உள்ளே இருக்கிறதா. நான் பதில் சொன்னேன். சொல்லச் சொல்ல இன்னும் கேட்டார்கள். நீலப் பூவைக் கேட்ட பெண்ணும் வந்திருந்தாள், அவளுக்குச் சேர வேண்டிய பதிலைக் கொடுத்தேன். தெரியாததற்கு நல்ல கேள்வி என்று சொல்லவில்லை, தெரியாது என்றே சொன்னேன். ஏரிவரை பேசிக்கொண்டே போனோம்.

ஆனால் அந்தக் கணவனும் மனைவியும் முதலாளியம்மாவிடம் முறையிட்டார்கள். பேசாத நடை என்று சொல்லிக் கூட்டிப்போய் வழியெல்லாம் பேச்சாம்.

"பேசக்கூடாதுன்னு பலகைல எழுதி மாட்டிட்டு நீயே பேசினா என்னடி அர்த்தம்?" என்றார் முதலாளியம்மா.

"பலகையை மாத்திடலாங்க. போறப்ப பேசாம போவோம். வர்றப்ப கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்றேன். வேணாங்கறவங்க முன்னாடி நடக்கட்டும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த வாயை இத்தனை நாள் எங்கடி வச்சிருந்தே?" என்று கேட்டுவிட்டு, பெயிண்ட் டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். மழை வந்தாலும் போனாலும் வேலை எனக்குத்தான் என்று மாலையில் சொல்லிவிட்டார்.

இதை உன் குரலில் திட்டும் பாராட்டுமாகக் கேட்க வேண்டும் போல இருக்கிறது. ஞாயிறு போன் செய். நான் 'ம்' சொல்ல மாட்டேன், பேசுவேன்.

உன் தங்கை


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போன் செய்யவில்லை. பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

நேற்று ஏரிக்கரையில் சால்வை அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பேசத் தொடங்கிவிட்டேன் என்பதால் அவருக்கும் ஏதோ சொல்லத் தோன்றியிருக்கிறது. சிலேட்டில் எழுதி எழுதி அழித்தார். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவராம். கத்திக் கத்திக் குரல் கெட்டுவிட்டது. கிசுகிசுப்பதுகூடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏன் பேசவில்லை என்று யாரும் கேட்காத ஓர் இடம் தேடித்தான் இங்கே வந்தாராம். எப்படித் தொடங்கியது என்று கேட்டேன். முதலில் சாயங்காலம் மட்டும் கரகரப்பு, அப்புறம் பையில் எப்போதும் மிட்டாய், அப்புறம் வீட்டுக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டுச் செய்தி அனுப்பத் தொடங்கினேன் என்று எழுதினார்.

அவர் அதை அழித்த பிறகும் நான் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா, வார்த்தையைப் பார்த்தாலே அலுப்பு என்று அரைப் பக்கம் எழுதுகிறவள் நீ. இப்போது நாலு பக்கம் எழுதுகிறாய். வாயால் சொன்னால் எரிகிற விளக்குக்கு எழுந்து போய் சுவிட்சைத் தட்டுகிறாய். நேராகக் கேட்கிறேன். உனக்குக் குரல் இருக்கிறதா?

அம்மாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று வழக்கமாக எழுதுவேன். இன்று அதை மனசார எழுதுகிறேன்.

உன் தங்கை


ஜூன் 30

பூனைக்கு,

இல்லை.

மார்ச் கடைசியில் போனது. கடைசியாகப் போனில் புகார் சொன்னவர், "சத்தமா பேசும்மா, சோறு திங்கலையா" என்று திட்டிவிட்டு வைத்தார். அவருக்குக் கேட்டதுதான் அன்றைக்கு என் முழுச் சத்தம். திரும்பி வரும் என்கிறார் டாக்டர், எவ்வளவு வரும் என்று சொல்லவில்லை. இந்த எழுத்துப் பிரிவு அதுவரைக்கும்தான்.

எப்படிப் பேசுவது என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்தவள் நான். அதை வைத்துக்கொண்டு இதை எப்படி எழுதுவது? அம்மாவுக்குத் தெரிந்தால் அடுத்த வண்டியில் வந்து நிற்பாள். அதனால் டவர்.

பேச முடியாதது பழகிவிட்டது. பேசாதவளிடம் மற்றவர்களும் பேசுவதில்லை, அதுதான் பழகவில்லை. எனக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக் கையால் காட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு முழு வாக்கியத்தை என்னிடம் யாராவது சொல்லி நாளாகிறது.

உன் வேலை நிலைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத்தில் வராது. நலமாக இரு.

அக்கா


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

கடைசியில் எழுத வேண்டியதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அம்மா நலம், நான் நலம், இது உன் அன்புத் தங்கை எழுதுவது. நேற்று நான் பேசியதில் ஒன்று விட்டுப்போனது. உன்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் நடந்தது.

உன் கடிதம் மதியம் வந்தது. மண் கலக்கிற கொட்டகையில் நின்று படித்தேன். படித்துவிட்டு மிச்ச மண்ணைக் கலந்து, தொட்டிகளை நிரப்பி, கை கழுவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அன்று எந்த இடத்திலும் நிற்கவில்லை.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். என்னைத் திட்டாதே, இதை அவளிடம் மறைத்து நான் இந்த வீட்டில் சாப்பிட முடியாது. அம்மா அழவில்லை. "டவர்னு சொன்னாளே" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். பிறகு பையை எடுத்துத் துணிகளை வைக்கத் தொடங்கினாள். அடுத்த வண்டி எப்போது என்று கேட்டாள்.

"நீ போம்மா, நாளைக்குப் போ. இப்ப முதல்ல நான் அவகிட்டப் பேசறேன்" என்றேன்.

"நீயா?" என்றாள்.

"நான்தான்."

"அவ பதில் சொல்ல முடியாதேடி."

"அவ சொல்ல வேணாம்."

அம்மா தன் போனை என்னிடம் நீட்டினாள். எனக்கு உன் எண் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது, அவள்தான் காட்டினாள். நான் இதுவரை யாரையும் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டவர்களுக்கு 'ம்' சொன்னதோடு சரி. என்ன பேசுவது என்று யோசித்து வைத்துக்கொள்ளவும் இல்லை. வெளியே மழை தொடங்கியிருந்தது. பின்கதவைத் திறந்து, படியில் உட்கார்ந்து, எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது, நின்றது. உன் மூச்சு கேட்டது.

நான் பேச ஆரம்பித்தேன்.